இடுப்பில் அறுவை, வயிற்றில் ஊசி

ஊசி போடும் முன் நர்ஸ் செய்கிற ஒரு காரியத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, விரலால் இரண்டு சுண்டு சுண்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுவார். முனையில் ஒரு சொட்டு மருந்து எட்டிப் பார்த்த பிறகுதான் ஊசி உடம்பைத் தொடும். இன்சுலின் பேனா இருக்கிற வீடுகளிலும் இதே பாடம்தான்: முதலில் இரண்டு யூனிட்டை வெளியே தள்ளு, அப்புறம் குத்து. ஆனால் இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் கையில் ஒரு பெட்டி எனாக்ஸபாரின் ஊசியைக் கொடுக்கும்போது சொல்கிற அறிவுரை நேர்மாறாக இருக்கிறது. மருந்து நிரப்பியே வரும் அந்தச் சிரிஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு காற்றுக் குமிழி. அதை வெளியேற்றிவிடாதீர்கள் என்கிறார்கள்.

குமிழியோடு முடிந்தால் பரவாயில்லை. அறுவை நடந்தது இடுப்பில், ஊசியோ வயிற்றில். காயம் ஆற வேண்டுமென்றால் ரத்தம் உறைய வேண்டும், இது உறைவதைத் தடுக்கிற மருந்து. ஆஸ்பத்திரியில் இருந்தவரை போட்டது சரி. தையல் பிரித்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடக்கத் தொடங்கிய பிறகும் எதற்கு? அப்படியே தேவை என்றாலும் மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? டிஸ்சார்ஜ் நாளின் அவசரத்தில் இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. விளக்கினாலும் அன்றைக்குக் காதில் ஏறாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உண்டு. அவற்றில் பாதி, அந்த மருந்தின் மூலக்கூறு எவ்வளவு நீளம் என்பதில் இருக்கிறது.

காலிலிருந்து தொடங்குவோம். பாதத்துக்கு வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான். நாம் நடக்கும்போது தசை சுருங்கி, தன் நடுவே ஓடும் ஆழமான சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள், மேலே போன ரத்தம் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. மயக்கத்தில் படுத்திருக்கும் நேரத்திலும், அதன்பின் படுக்கையில் கழியும் நாட்களிலும் இந்தப் பிழிதல் ஏறக்குறைய நின்றுபோகிறது. வால்வு மடிப்புகளின் மூலையில் ரத்தம் தேங்குகிறது. போதாக்குறைக்கு, எலும்பை அறுத்துக் குடைந்து உலோகத்தைப் பொருத்தும்போது, உறைதலைத் தூண்டுகிற பொருள்கள் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கலக்கின்றன. அருகிலுள்ள சிரைகள் முறுக்கப்பட்டு அவற்றின் உட்சுவரும் அடிபடுகிறது. தேக்கம், சுவர்க் காயம், உறையத் துடிக்கும் ரத்தம் ஆகிய இந்த மூன்றும் சேரும் நிலையை மருத்துவ மாணவர்கள் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் படிக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியரான அவர் இதை இப்படி மும்மையாக எழுதிவைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் கட்டிய சூத்திரம் என்பது வேறு கதை. காலில் உண்டான கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் என்று காட்டியது மட்டும் அவர்தான்.

ஆழமான சிரையில் இப்படி ரத்தம் உறைவதை ஆழ்சிரை உறைவு என்கிறோம். காலில் இருக்கும்வரை வீக்கமும் வலியும்தான். பல சமயம் அதுவும் இருக்காது. துண்டாகப் பிய்ந்து கிளம்பினால்தான் ஆபத்து. சிரைகள் மேலே போகப்போக அகலமாகிக்கொண்டே போவதால் வழியில் அதை நிறுத்த ஒன்றுமில்லை. இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குள் நுழைந்து, அங்கே குழாய் கிளை பிரிந்து குறுகும் இடத்தில் அடைத்துக்கொள்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் குளியலறைக்குப் போனவர் திரும்பவில்லை என்று கேள்விப்படும் செய்திகளில் சிலவற்றுக்குப் பின்னால் இது இருக்கும்.

அப்படியானால் காயம்? காயத்தை முதலில் மூடுவது தட்டணுக்கள். அவை அறுபட்ட இடத்தில் குவிந்து ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பின்னிக்கொள்கின்றன. சிரையில் தேங்கி உறைவதிலோ ஃபைப்ரினும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும்தான் பெரும்பகுதி. ஹெப்பாரின் வகை மருந்துகள் ஃபைப்ரின் உண்டாகும் வழியைத்தான் மட்டுப்படுத்துகின்றன. தடுப்புக்காகக் கொடுக்கும் அளவும் சிறியது. எனாக்ஸபாரின் என்றால் வழக்கமாக ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். காயத்தை மூடும் வேலை நடந்துகொண்டே இருக்க, சிரையின் மூலையில் கட்டி வளர்வது தடைபடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறுகலானது என்பதால்தான் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமை இல்லை.

வெளியே தெரியாத ஒன்றை உண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? லண்டனில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றிய இந்திய அறுவை மருத்துவர் விஜய் வீர் கக்கர் 1960களின் கடைசியில் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஃபைப்ரினுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் புரதத்தில் கதிரியக்க அயோடினை இணைத்து நோயாளியின் ரத்தத்தில் செலுத்தினார்கள். காலில் எங்காவது கட்டி உருவானால், அந்தக் கட்டி இந்தப் புரதத்தையும் இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தினமும் கதிர் எண்ணும் கருவியை இரண்டு கால்களிலும் மேலிருந்து கீழாக வைத்துப் பார்த்தால் போதும். எண்ணிக்கை எங்கே எகிறுகிறதோ அங்கே கட்டி. 1969இல் வெளியான முடிவின்படி 132 பேரில் 40 பேருக்கு, அதாவது பத்தில் மூன்று பேருக்கு, அறுவைக்குப் பின் காலில் உறைவு ஏற்பட்டிருந்தது. பலருடைய கால்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிலருக்கு அது சில நாட்களில் தானாகக் கரைந்தும் போனது. எது கரையும், எது மேலே ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

அடுத்த கேள்வி, தடுக்க முடியுமா என்பது. கக்கர் ஒருங்கிணைத்த பன்னாட்டு ஆய்வு 1975இல் வெளிவந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, பெரிய அறுவை செய்துகொண்ட 4,121 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் குறைந்த அளவு ஹெப்பாரினைத் தோலடியில் கொடுத்தார்கள். மருந்து கொடுக்காத பிரிவில் நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் 16 பேர் என்று பிரேதப் பரிசோதனை காட்டியது. மருந்து எடுத்துக்கொண்டவர்களில் 2 பேர். காயத்தில் ரத்தம் கட்டியது மருந்துப் பிரிவில் சற்று அதிகம்தான். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டாயிரம் பேர். அவர்களில் காப்பாற்றப்பட்டவர்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. வயிற்றில் நீலம் நீலமாகக் கன்றிப்போவது மட்டும் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊசியைப் பாதியில் நிறுத்திவிடும் ஆசை வருவதற்குக் காரணம் வலியைவிட இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் எதற்கு என்பதற்கான பதில் பின்னால்தான் வந்தது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மட்டும் எனாக்ஸபாரின் கொடுத்து வீட்டில் வெற்று ஊசி. இன்னொரு பிரிவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முழுக்க மருந்து. பிறகு சிரைக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 39 சதவீதம் பேருக்கு உறைவு, இரண்டாவதில் 18 சதவீதம். இதில் பெரும்பாலானவை தொந்தரவே தராமல் போயிருக்கக்கூடிய சிறிய கட்டிகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2009இல் பிரிட்டனில் ஒன்பதரை லட்சம் நடுத்தர வயதுப் பெண்களின் மருத்துவப் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள், தொந்தரவு தந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனவற்றை மட்டுமே எண்ணினார்கள். இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றியவர்களில் 45 பேருக்கு ஒருவர், அறுவைக்குப் பின்னான 12 வாரங்களுக்குள் இப்படிச் சேர்க்கப்பட்டார். அறுவையே செய்துகொள்ளாத பெண்களில் அதே கால அளவில் 6,200 பேருக்கு ஒருவர். ஆபத்து உச்சத்தைத் தொட்டது அறுவைக்குப் பிந்தைய மூன்றாவது வாரத்தில். நோயாளி வீட்டில், தெம்பாக, இனி என்ன என்று நினைக்கத் தொடங்கும் வாரம் அது. இடுப்பு மூட்டுக்கு ஐந்து வாரம் வரை தடுப்பு மருந்து என்பதும், வயிற்றில் புற்றுநோய் அறுவை செய்தவர்களுக்கு நான்கு வாரம் என்பதும் இப்படிப்பட்ட கணக்குகளிலிருந்து வந்தவை.

இனி மருந்து. 1916இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி மாணவர் ஜே மெக்லீனுக்கு, ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் திசுக்களிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையை அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹோவெல் கொடுத்திருந்தார். நாய் ஈரலிலிருந்து எடுத்த ஒரு சாறு நாளாக ஆக வேறு மாதிரி நடந்துகொண்டது. உறையவைப்பதற்குப் பதில் உறைவதைத் தடுத்தது. ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹோவெல் 1918இல் ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார். மெக்லீன் பார்த்த பொருளும் ஹோவெல் பெயர் வைத்த பொருளும் ஒன்றேதானா, பெருமை யாருக்கு என்ற வழக்கு பிறகு வெகுகாலம் நடந்தது. நோயாளிக்குக் கொடுக்கும் அளவுக்கு அதைத் தூய்மையாக்கியது 1930களில் டொராண்டோவில் சார்லஸ் பெஸ்ட் குழு; பாண்டிங்கோடு சேர்ந்து இன்சுலினைக் கண்டெடுத்த அதே பெஸ்ட்தான்.

ஹெப்பாரின் என்பது சர்க்கரை அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அது நேரடியாக எதையும் தடுப்பதில்லை. ஏற்கெனவே கட்டிவிட்ட கட்டியைக் கரைப்பதும் இல்லை. நம் ரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்துக்கு அது உதவி செய்கிறது, அவ்வளவுதான். ஆன்டித்ராம்பினை ஓர் எலிப்பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடலிலிருந்து ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் மசால்வடை. உறைதலை நடத்தும் நொதிகளான திராம்பினும் அதற்கு முந்தைய படியில் இருக்கும் பத்தாம் காரணியும் எலிகள். எலி வடையைக் கடித்த கணமே வில் விடுபடுகிறது. வளையம் புரதத்துக்குள் சடாரென்று மடங்க, கடித்த நொதியும் கூடவே இழுபட்டு நசுங்கி மாட்டிக்கொள்கிறது. பொறியும் எலியும் அத்தோடு சரி, மறுபடி பயன்படாது. இத்தனை நல்ல பொறிக்கு ஒரு குறை: வடை பாதி உள்ளே புதைந்திருக்கிறது, கடிபடுவது மெதுவாகத்தான் நடக்கும். ஹெப்பாரின் சங்கிலியில் குறிப்பிட்ட ஐந்து சர்க்கரைகள் கொண்ட ஒரு பகுதி வந்து ஒட்டியதும் பொறி சற்றே வடிவம் மாறி வடையை நன்றாக வெளியே நீட்டுகிறது. பிடிபடும் வேகம் ஆயிரம் மடங்கு வரை கூடுகிறது. வேலை முடிந்ததும் ஹெப்பாரின் கழன்று அடுத்த பொறியைத் தேடிப் போய்விடும்.

இங்கேதான் நீளம் வருகிறது. பத்தாம் காரணியைப் பிடிக்க அந்த ஐந்து சர்க்கரை போதும். திராம்பினைப் பிடிக்க, திராம்பினும் அதே சங்கிலியின் மேல் வந்து உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தது பதினெட்டு சர்க்கரை நீளம் தேவை. முழு ஹெப்பாரின் இரண்டையும் பிடிக்கும். ஆனால் நீளமும் மின்னேற்றமும் அதிகம் என்பதால் வழியில் தென்படும் எல்லாப் புரதங்களிலும், ரத்தக்குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரே அளவு மருந்து ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் வேலை செய்யும். சிகிச்சைக்கான பெரிய அளவில் கொடுக்கும்போது அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். தடுப்புக்கான சிறிய அளவையும் நாளைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும். 1980களில் ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சங்கிலியை வெட்டினார்கள். சராசரி மூலக்கூறு எடை 15,000 டால்டனிலிருந்து 4,500 டால்டனுக்கு இறங்கியது. எனாக்ஸபாரின் இப்படி வெட்டிய ஒன்றுதான். குட்டைச் சங்கிலி கண்ட இடத்தில் ஒட்டாது, கொடுத்த அளவுக்கு இவ்வளவு வேலை என்று முன்கூட்டிச் சொல்லலாம், உடலில் அதிக நேரம் தங்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, வீட்டிலேயே, ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் துணையில்லாமல் போட்டுக்கொள்ள முடிவது இந்த வெட்டலால்தான். குட்டைச் சங்கிலிகள் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் என்பதால், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

வெட்டிய பிறகும் அது குடலுக்குப் பெரிய மூலக்கூறுதான். சங்கிலி நெடுகிலும் சல்பேட் தொகுதிகள் தொங்குவதால் எதிர்மின்னேற்றம் மிக அதிகம். கொழுப்பால் ஆன செல் சவ்வு அதை உள்ளே விடாது. விழுங்கினால் வீண். தசையில் போடலாமா என்றால், தசை முழுக்க ரத்தக்குழாய்; ஊசி கிழித்த இடத்தில் ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே குளம் கட்டும். மிச்சம் இருப்பது தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பு. அது தாராளமாகக் கிடைப்பதும், நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டுவதும் வயிற்றில்தான். மருந்து அங்கிருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போவதால் அறுவை எங்கே நடந்தது என்பது பொருட்டில்லை. வயிற்றிலேயே அறுவை நடந்தவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கத்தைக் காட்டித் தருவதுண்டு.

இது புரிந்தால் விதிகள் தாமாகவே நினைவில் நிற்கும். தொப்புளிலிருந்து மூன்று விரற்கடையாவது தள்ளி, விலாப்பக்கமாக, ஒரு நாள் இடது ஒரு நாள் வலது. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைத் தளர்வாக மடித்துத் தூக்க வேண்டும், மடிப்புக்குள் ஊசியை நேராக முழுவதும் இறக்க வேண்டும், ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடக் கூடாது. விட்டால் முனை தசையைத் தொடக்கூடும். ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை பொறுக்க வேண்டும், ஈரத்தோடு குத்தினால் எரியும். குத்துவது சட்டென்று, மருந்தைத் தள்ளுவது நிதானமாக. பத்து வினாடியில் தள்ளுவதையும் முப்பது வினாடியில் தள்ளுவதையும் செவிலியர்கள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிறிய ஆய்வுகள்தான், என்றாலும் மெதுவாகத் தள்ளியவர்களுக்கு வலியும் கன்றலும் குறைவு. முடிந்ததும் தேய்க்கக் கூடாது. மற்ற ஊசிகளுக்குத் தேய்த்துவிட்டுப் பழகிய கை இங்கேயும் போகும். தேய்த்தால் அறுந்த நுண்குழாய்கள் இன்னும் கசியும், அடைக்க வேண்டிய ரத்தமோ மருந்தில் இருக்கிறது. எப்படிப் போட்டாலும் கொஞ்சம் நீலம் பாரிக்கத்தான் செய்யும். வேண்டாத இடத்தில் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, அவ்வளவுதான்.

குமிழிக்கு வருவோம். ஊசி முனை கீழ்நோக்கி இருக்கும்போது குமிழி மிதந்து பிஸ்டன் பக்கமாக மேலே ஏறிவிடுகிறது. தள்ளும்போது மருந்து முழுவதும் முதலில் போக, கடைசியாகக் குமிழி வந்து ஊசித் தண்டுக்குள் தங்கும் மிச்சத் துளியையும் உள்ளே தள்ளுகிறது. மருந்து குத்திய வழியே திரும்பக் கசிந்து தோலைக் கன்றவைப்பதையும் அது குறைக்கிறது. தோலடிக் கொழுப்பில் போகும் அந்தத் துளிக் காற்று தானாகக் கரைந்துவிடும். காற்று உயிருக்கு ஆபத்து என்பது சிரை வழியாகக் கணிசமான அளவு போகும்போது நடக்கும் விஷயம். குமிழியை வெளியேற்ற முயன்றால் அதோடு மருந்தும் போகும், அளவு குறையும். சிரிஞ்சில் உள்ளதில் ஒரு பகுதியை மட்டும் போடும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது எப்படி அளப்பது என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். போட்டு முடித்த சிரிஞ்சைக் குப்பைக்கூடையில் வீசாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுப்பது, குப்பை பொறுக்குகிறவர் கைக்குச் செய்கிற மரியாதை.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மலம் கறுத்துப் போவது, சிறுநீர் சிவப்பது, தலையில் அடிபடுவது, மூக்கிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் வருவது, இவை உடனே தெரிவிக்க வேண்டியவை. நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மூட்டு வலிக்குத் தெருமுனை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை தட்டணுக்களை மந்தமாக்குபவை. ஒரு பக்கம் ஃபைப்ரினுக்கும் தடை, மறுபக்கம் தட்டணுவுக்கும் தடை என்றால் வயிற்றுக்குள் ரத்தம் கசிய வாய்ப்பு கூடும். இன்னொரு அபூர்வ விளைவு விசித்திரமானது: ஹெப்பாரின் தொடங்கி ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் சிலருக்கு உடல் அதற்கு எதிராக எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கி, தட்டணுக்கள் மளமளவென்று குறைந்து, அதே நேரம் ரத்தம் கண்ட இடத்தில் உறையத் தொடங்கும். உறைவைத் தடுக்கவந்த மருந்தே உறைவை உண்டாக்கும் நிலை. குட்டைச் சங்கிலியில் இது குறைவு. இடையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் அது இதற்காகத்தான்.

இந்த மருந்து இன்றும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது, பெரும்பகுதி சீனாவில். சைவ உணவுக்காரர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம், பலருக்கும் சொல்லப்படுவதில்லை. 2008இல் இந்த வழியில் வந்த ஹெப்பாரினில் மலிவான வேறொரு சர்க்கரைச் சங்கிலி கலந்து அமெரிக்காவில் உயிர்ச்சேதமானது. வழக்கமான தரச் சோதனைகளில் ஹெப்பாரின் போலவே நடித்த அந்தக் கலப்படம் இன்னது என்று அடையாளம் கண்ட பன்னாட்டுக் குழுவை நடத்தியவர் எம்.ஐ.டி.யின் ராம் சசிசேகரன். விலங்கே வேண்டாம் என்றால் ஃபோண்டாபரினக்ஸ் இருக்கிறது. மேலே சொன்ன ஐந்து சர்க்கரைகளை மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளில் ஆய்வகத்திலேயே கட்டி எழுப்பியது. அதுவும் ஊசிதான். மாத்திரைகளும் வந்துவிட்டன. ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவை எலிப்பொறியின் உதவி கேட்காமல் பத்தாம் காரணியைத் தாமே பிடிப்பவை, குடல் வழியாக உறிஞ்சப்படுபவை. மூட்டு மாற்றியவர்களுக்குப் பல ஆஸ்பத்திரிகள் ஊசிக்குப் பதில் இவற்றைத் தருகின்றன.

ஊசி போகாமல் நிலைத்திருக்கும் இடம் கர்ப்பிணிகளிடம்தான். ஏற்கெனவே ஆழ்சிரை உறைவு வந்த பெண்கள் சிலர் கர்ப்பகாலம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் தினமும் தங்களுக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சிசேரியன் ஆன பிறகு சில நாட்களுக்கு மட்டும் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. மாத்திரையாக விழுங்க முடியாதபடி குடலில் அதைத் தடுக்கிற அதே பருமனும் மின்னேற்றமும், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகவும் அதை விடுவதில்லை. தாய்ப்பாலில் போவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தையும் குழந்தையின் குடல் உறிஞ்சாது.